சிலந்தியும் முதற்பொருளும்

சோழன் கோச்செங்கணான் முற்பிறவியில் திருவானைக்காவில் ஒரு சிலந்தியாக இருந்தான் என்று பெரியபுராணம் கூறுவதைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். வெண்ணாவல் மரத்தின் கீழிருந்த சிவலிங்கத்தின்மேல் சருகு உதிராதபடி அச்சிலந்தி தன் நூலால் மேற்கட்டி அமைத்தது. அதனைத் தூய்மையற்றது எனக் கருதிய யானை அழித்தது. சிலந்தி மீண்டும் கட்டியது. இக்கதையைக் கேட்டவர் மனத்தில் அச்சிலந்தியின் நிறமோ, கண்ணின் அமைப்போ, காலின் நீளமோ தங்குவதில்லை. எந்த மரத்தடியில், எதன்மேல், எவ்வகை வலை கட்டிற்று, வலை கலைந்தபின் யாது செய்தது என்பவையே தங்குகின்றன.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் வாழும் விலங்கும் பறவையும் மரமும் பிறவும் கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. பாட்டில் வரும் ஓர் உயிரை அதன் நிலத்திலிருந்து பிரித்துப் பார்த்தல் தமிழ் மரபன்று. இந்த முறை செய்யுளுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் உளர். ஆயினும் கடுகினும் சிறிய சிலந்திகளை இன்னதென அடையாளம் காணும் அறிவியல், சென்ற இருநூற்றைம்பது ஆண்டுகளில் பல வழிகளில் சுற்றிவந்து, ஏறத்தாழ இவ்விடத்திற்கே வந்து நிற்கிறது. அவ்வரலாற்றின் ஒரு பகுதி, நம் மக்கள் ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று படியேறும் பத்துமலையில் நிகழ்ந்தது.

படத்தில் தொடங்கிய பெயர்

உயிரினங்களுக்கு இரு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். விலங்குகளின் பெயர்களுக்கு அவர் 1758இல் வெளியிட்ட நூலே தொடக்கம் என்பது அறிஞர் உலகம் ஏற்ற விதி. அவ்விதிக்கு விலக்காக ஒரு நூல் உண்டு. அதே நாட்டினரான கார்ல் கிளர்க் என்பவர் 1757இல் வெளியிட்ட சுவீடன் நாட்டுச் சிலந்திகள் என்னும் நூலே அது. கிளர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஸ்டாக்ஹோம் நகரில் வரித்துறையில் பணி செய்தவர். அவர் உயிருள்ள சிலந்திகளைக் கூர்ந்து நோக்கி, வண்ணப் படம் தீட்டுவித்து, அவை வாழும் முறையையும் எழுதினார். ஆகவே சிலந்திகளின் அறிவியற் பெயர் படத்தோடும் குறிப்போடும் சேர்ந்தே பிறந்தது எனலாம்.

அடுத்த நூற்றாண்டில் நுண்ணோக்கி சிறந்தது. நிறமும் புள்ளியும் ஒத்திருக்கும் இரு சிலந்திகள் வெவ்வேறு இனமாக இருத்தலும், நிறம் மாறுபட்ட இரண்டு ஓரினமாக இருத்தலும் தெரியவந்தன. ஆண் சிலந்தியின் வாயருகே சிறு கைகள் போன்ற இரண்டு உறுப்புகள் உண்டு. அவற்றின் நுனி, இனத்துக்கு இனம் பூட்டும் திறவுகோலும்போல வேறுபடும். பெண்ணின் வயிற்றின் அடிப்புறத்தில் அதற்கு ஏற்ற அமைப்பு இருக்கும். இவ்விரண்டையும் பார்த்தே இனத்தை முடிவு செய்தல் வேண்டும் என்பது நிலைபெற்றது. இளஞ்சிலந்திக்கு இவ்வுறுப்புகள் முதிர்ந்திரா. ஆதலின் அதனைப் பெரும்பாலும் இன்ன இனம் என உறுதியாகச் சொல்ல இயலாது.

இம்முறை அறிவைக் கூர்மையாக்கியது. ஆனால் ஒரு குறையையும் உடன் கொணர்ந்தது. சிலந்தியை ஆராய்ந்தவர் ஐரோப்பாவில் இருந்தார். சிலந்தி கீழ்த்திசையில் இருந்தது. சாராயக் குப்பியில் இட்டுக் கப்பலேற்றி அனுப்பியதையே அவர் கண்டார். சுவீடன் அறிஞர் தோரெல், மலாய்த் தீவுகளின் சிலந்திகளைப் பற்றி 1877 முதல் எழுதிய பெரும் ஆய்வுகள் இத்தாலியின் ஜெனோவா நகரில் வெளியாயின. பெல்பாஸ்ட் நகரத்துத் தாமஸ் வொர்க்மன், மலேசியச் சிலந்திகள் என்னும் பெயரில் படங்கள் நிறைந்த நூலொன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டு 1896இல் நிறைவு செய்தார். ஸ்கீட் என்பவர் தலைமையில் 1899, 1900 ஆண்டுகளில் தீபகற்பத்தில் சுற்றிய குழு சேர்த்த சிலந்திகளைப் பாரிஸ் நகரத்து யூஜின் சிமோன் ஆராய்ந்து 1901இல் எழுதினார். இவர்கள் உழைப்பு மதிப்பிடற்கரியது. எனினும் அக்காலத்துக் குப்பிகள் பலவற்றில் ஒட்டியிருந்த சீட்டு ஓர் ஊரின் பெயரோடு நின்றுவிட்டது. பினாங்கு என்றால் கடற்கரையா, மலையுச்சியா, வீட்டுக் கூரையா? சீட்டு விடை கூறாது.

இலங்கைச் சிலந்தி ஒன்றையும் இங்கு நினைத்தல் தகும். பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் என்பவர் சேர்த்தனுப்பிய சிலந்திகளை ஆங்கிலப் பாதிரியார் பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் ஆராய்ந்தார். அவர் 1873இல் டெட்ராபிளெம்மா என்னும் புதிய பேரினத்தை நிறுவினார். பெரும்பாலான சிலந்திகளுக்குக் கண் எட்டு, இதற்கோ நான்கே. உடலில் தகடு போர்த்த, மிகச் சிறிய சிலந்தி இது. அனுப்பியவருடைய பெயர் துவெயிட்சியா என்னும் வேறொரு பேரினத்தில் நிலைத்தது. கண்டெடுப்பவரும் பெயரிடுபவரும் இருவேறு மனிதராயிருந்த காலத்தில், கண்டெடுத்தவர் எழுதிய சிறு சீட்டே இருவரையும் இணைத்த பாலம்.

பத்துமலையின் இருட்குகை

பத்துமலைக் குகைகளை அமெரிக்க இயற்கை நூலறிஞர் வில்லியம் ஹோர்னடே 1878இல் கண்டு எழுதியதால் வெளியுலகம் அறிந்தது. கோலாலம்பூரின் பெரும் வணிகர் கா. தம்புசாமிப் பிள்ளை அவர்களின் முயற்சியால் 1891இல் அங்கு முருகன் வழிபாடு அமைந்தது. 1892 முதல் தைப்பூசம் நடைபெறுகிறது. இன்று 272 படிகள் ஏறிக் கோயிற்குகையை அடைகிறோம். அப்படிகளின் மேற்பகுதியில், ஏறுவோர்க்கு இடப்புறமாக ஒரு வாயில் உள்ளது. அதுவே இருட்குகை. காவடியின் பறையொலி கேட்கும் தொலைவில், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள வழிகளில், ஒளியே காணாத ஓர் உயிருலகம் இருக்கிறது. வௌவாலின் எச்சமே அவ்வுலகத்துக்கு விளைநிலம். எச்சத்தைக் கரப்பான் தின்னும். கரப்பானையும் பிற பூச்சிகளையும் சிலந்தியும் பூரானும் தின்னும்.

இக்குகையின் உயிர்களை முதலில் கருதியவர்களுள் ஒருவர் ஹென்றி ரிட்லி. மரத்தைக் கெடுக்காமல் பால்வெட்டும் முறையைக் கண்டு, மலாயாவில் ரப்பர் பரவக் காரணராயிருந்த அதே ரிட்லிதான். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த அவர், சிலாங்கூர்க் குகைகளின் வெள்ளைப் பாம்பைப் பற்றி 1898இல் எழுதினார். மறு ஆண்டில் பட்லர் என்பவர் அப்பாம்புக்கு ரிட்லியின் பெயரையே சூட்டினார்.

சிலந்தியின் முறை 1923இல் வந்தது. எச். சி. ஏப்ரகாம் என்பவர் அவ்வாண்டில் லிபிஸ்டியஸ் பேரினத்தைச் சேர்ந்த தீபகற்பச் சிலந்திகள் இரண்டுக்குப் பெயரிட்டார். ஒன்று மலாயானஸ்; மற்றொன்று பத்துவென்சிஸ். பத்துமலையின் பெயரே இரண்டாவதன் பெயர். இப்பேரினத்தின் முதல் இனத்தைப் பினாங்கிலிருந்து டென்மார்க்கு நாட்டு ஷியோட்டே 1849இல் அறிவித்திருந்தார். பிற சிலந்திகளின் வயிறு பை போன்றது. இதன் வயிற்றின்மேல் வரிசை வரிசையாகத் தகடுகள் இருக்கும். பிற சிலந்திகளின் நூற்கும் உறுப்பு வயிற்றின் கடைசியில் இருக்கும். இதற்கோ வயிற்றின் நடுவில். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லில் பதிந்த சிலந்திகளோடு ஒத்த அமைப்பு இது. அதனால் இதனை வாழும் பழமை என்பர்.

ஏப்ரகாமின் எழுத்துக்குச் சிறப்புத் தந்தது, அவர் மலாயாவிலேயே வாழ்ந்து இவ்வுயிர்களை நோக்கியது. இச்சிலந்தி நூலாலும் மண்ணாலும் குழாய் போன்ற வளை கட்டி, அதற்குக் கீல் வைத்தாற்போலத் திறந்து மூடும் கதவு அமைக்கும். கதவின் விளிம்பிலிருந்து ஆறேழு நூல்கள் நாற்புறமும் விரிந்து கிடக்கும். இரவிலும் பகலிலும் வேறுபாடில்லாத இருளில், சிலந்தி கதவுக்குப் பின்னே அந்நூல்களின் அசைவை உணர்ந்து காத்திருக்கும். ஒரு பூச்சியின் கால் நூலில் பட்டவுடன் கதவைத் தள்ளிப் பாய்ந்து பற்றும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சும், தன் அளவுக்கேற்ற சின்னஞ்சிறு கதவோடும் நூலோடும் இதே வீட்டைக் கட்டும். ஆகவே சிலந்தி வெளியே வராவிடினும், கதவையும் நூல்களையும் படமெடுத்தால் பேரினம் இன்னதெனத் தெரிந்துவிடும். குப்பியிலுள்ள உடல் இதனை ஒருநாளும் கூறாது.

1929இல் செட்ரிக் டோவர் என்பவர் பல துறை அறிஞரைக் கூட்டி, பத்துமலைக் குகைகளின் உயிர்களைப் பற்றிய நீண்ட தொகுப்பை மலாய்க் கூட்டரசு அருங்காட்சியகங்களின் இதழில் வெளியிட்டார். சிலந்திப் பகுதியைப் பாரிஸ் அறிஞர் லூயி ஃபாஜ் எழுதினார். ஆங்கில அறிஞர் பிரிஸ்டோ 1932இல் லிபிஸ்டியஸ் குடும்பத்தைப் பற்றி எழுதினார். 1967இல் எலியட் மெக்லூர், லிம் பூ லியாட், வின் ஆகிய மூவர் இருட்குகையின் உயிர்களைக் கணக்கெடுத்து வெளியிட்டனர். இவர்களுள் லிம் பூ லியாட் கிள்ளானில் பிறந்தவர். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சிறிய பணியில் சேர்ந்து, களத்தில் கற்று, நாட்டின் முதன்மையான விலங்கியல் அறிஞராக உயர்ந்தவர். 2020இல் மறைந்தார். பட்டத்துக்கு முன்பே கள அறிவு அவருக்குக் கைவந்தது என்பது மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி.

1929ஆம் ஆண்டு ஏட்டையும் 1967ஆம் ஆண்டு ஏட்டையும் அருகருகே வைத்து, ஒரே குகையில் எது நிலைத்தது, எது மாறியது என்று இன்று கேட்க முடிகிறது. இருவரும் குகையின் பெயரையும் உயிர் வாழ்ந்த இடத்தையும் எழுதிவைத்ததே அதற்குக் காரணம்.

கசகசாவின் அளவில் ஓர் உயிர்

லிபிஸ்டியஸ் வளர்ந்தால் விரற்கணு அளவுக்கு வரும், கண்ணுக்குத் தெரியும். ஆனால் சிலந்தி உலகில் பெரும்பகுதி அவ்வளவு பெரியதன்று. 2022 ஏப்ரலில் உலகச் சிலந்திப் பட்டியல் 50,000 இனங்களைக் கடந்தது. அவற்றுள் எத்தனையோ இனங்கள் 3 மில்லிமீட்டருக்கும் உட்பட்டவை. கொலம்பியா நாட்டில் காணப்படும் பாட்டு டிகுவா என்னும் இனத்தின் ஆண் 0.37 மில்லிமீட்டரே. கசகசா விதையொன்றின்மேல் அது வசதியாக உலாவலாம்.

இத்தகைய சிறு சிலந்தியைப் படம் பிடித்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு செம்மஞ்சள் புள்ளியும் எட்டுக் கோடுகளுமே. அப்போது குறிப்பு துணைக்கு வருகிறது. சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

பால்மரத் தோட்டத்தில் உதிர்ந்த சருகைக் கிளறும்போது, வலையில்லாமல் விரைந்தோடும் 2 மில்லிமீட்டர் அளவுள்ள செம்மஞ்சள் சிலந்தி ஒன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆறு கண்களும் வயிற்றின்மேல் கெட்டித் தகடும் தெரிகின்றன. இவ்வளவும் எழுதப்பட்டிருந்தால் அது ஊனோபிடே குடும்பமாதல் கூடும் என்று அறிந்தோர் கூறுவர். சருகு என்ற சொல்லும், வலையில்லை என்ற சொல்லும் இல்லையேல், அதே படத்திற்கு வேறு பல குடும்பங்களும் உரிமை கொண்டாடும்.

பொன்னிற நூலால் பெருவலை கட்டும் நெபிலா என்னும் பெருஞ்சிலந்தியைத் தோட்டத்து ஓரங்களில் பலர் கண்டிருப்பர். அவ்வலையின் ஓரத்தில் வெள்ளித் துளிபோல மின்னும் சிறு சிலந்தி சில வேளைகளில் தொங்கும். அது நெபிலாவின் குஞ்சன்று. ஆர்கிரோடஸ் என்னும் வேறு பேரினம். பெரியது கவனிக்காத சிற்றிரைகளைத் திருடி உண்டு அதே வலையில் குடியிருப்பது. "அடுத்தவர் வலையில் இருந்தது" என்ற மூன்று சொற்கள், மங்கிய படத்தைவிட அதிகம் கூறும்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் பழைய கடைவீடுகளில் ஒட்டடை அடிப்பவர் கண்ணில் படும் நெடுங்காற் சிலந்தியும் அவ்வாறே. வலையைத் தொட்டால் உடல் மங்கலாகத் தெரியுமளவுக்கு அது தன்னைத்தானே குலுக்கும். பெண் சிலந்தி முட்டைகளைச் சிறு பொட்டலமாக வாயில் கவ்வியிருக்கும். குலுக்கிய வேளையில் எடுத்த படம் பயன்படாது. ஆனால் குலுக்கியது என்ற குறிப்பு ஃபோல்சிடே குடும்பத்தின் பக்கம் கைகாட்டும்.

இனி, சங்கப் புலவர் முயிறு என்றதும், இந்நாட்டில் கெரெங்கா என வழங்குவதுமான செவ்வெறும்பு. இலைகளை நூலால் தைத்துக் கூடு கட்டும் இவ்வெறும்பை உருவத்தில் அப்படியே ஒத்த சிலந்தி ஒன்று உண்டு. அது முன்கால்களை எறும்பின் உணர்கொம்புபோல உயர்த்தி அசைத்து நடக்கும். படத்தை மட்டும் கண்டவர் எறும்பென்றே ஏமாறுவர். விரட்டியபோது நூலில் தொங்கி இறங்கியது என்று ஒருவர் எழுதியிருந்தால் ஐயம் தீர்ந்தது. எறும்பு அவ்வாறு நூல்விட்டு இறங்காது.

படத்தின் எல்லையும் இடத்தின் எல்லையும்

இந்நாட்டில் இம்முறைக்கு ஒரு நல்ல வழிகாட்டியும் உண்டு. பிரான்சஸ் மர்ஃபி, ஜான் மர்ஃபி இருவரும் எழுதிய தென்கிழக்காசியச் சிலந்திகள் பற்றிய அறிமுக நூலை மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் வெளியிட்டது. அக்கழகம் 1940இல் தோன்றியது. அந்நூல் குடும்பத்தையும் பேரினத்தையும் அறிவதையே முதன்மையாகக் கொண்டது. களத்தில் நிற்பவர் நேர்மையோடு செல்லக்கூடிய தொலைவு பெரும்பாலும் அவ்வளவே. மர்ஃபி இருவரையும் பாராட்டி, பினாங்கின் லிபிஸ்டியஸ் ஒன்றுக்கு 1984இல் பிளாட்னிக், செட்ஜ்விக் என்னும் அறிஞர்கள் மர்ஃபியோரம் எனப் பெயரிட்டனர். பினாங்கில் 1849 முதல் அறியப்பட்டது டெசுல்டர் என்னும் ஓரினம். நூற்றுமுப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே தீவில் இன்னோர் இனமும் உண்டு என்று தெரிந்தது.

இச்செய்தியில் ஓர் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. இடத்தைக் கொண்டு இனத்தை முடிவு செய்வது எளிது. எளிது என்பதனாலேயே அது ஆபத்து. பினாங்கில் கண்ட கதவுச் சிலந்தியெல்லாம் டெசுல்டரே என்று கொண்டவர் இரண்டாவது இனத்தைக் கண்முன் வைத்துக்கொண்டே காணாதிருப்பார். இங்குள்ளது இதுவே என்று முன்கூட்டிக் கொண்டால், புதியது எதுவும் நம் கண்ணில் படாது. குறிப்பு சான்றாதல் வேண்டுமே ஒழிய முடிவாதல் கூடாது.

துறைமுக நகரங்களில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகும். சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டது. 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. மூட்டைகளோடும் மரப்பெட்டிகளோடும் சிறு சிலந்திகளும் கடல் கடந்தன. சுவரில் ஈ பிடிக்கும் மெனிமெரஸ் பைவிட்டேட்டஸ் என்னும் தாவும் சிலந்தியை இன்று வெப்பநாடுகள் பலவற்றில் காணலாம். கிள்ளானில் கண்டதால் கிள்ளானுக்கு உரியது என்று அதனைச் சொல்ல முடியாது. ஆகவே இடத்தை எழுதுபவர், காடா, குகையா, கிடங்கா என்பதையும் எழுதினால்தான் இடம் பொருள்படும்.

இதே நெறி தமிழாசிரியர்க்கு வேறொரு துறையில் பழக்கமானது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த கிரேவ்லி, சிலந்திகளைப் பற்றிப் பல ஆய்வுகள் எழுதியவர். அவரே டி. என். இராமச்சந்திரனோடு சேர்ந்து, அக்காட்சியகத்தின் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் பட்டியலை 1932இல் வெளியிட்டார். சிலந்தியும் நடராசரும் ஒருவர் கையில் வந்தது விந்தையாகத் தோன்றலாம். முறை ஒன்றே என்பதால் விந்தையில்லை. ஒரு திருமேனி எவ்வூரில், எந்நிலையில் மண்ணிலிருந்து வெளிப்பட்டது என்ற குறிப்பு போய்விட்டால், அழகு எஞ்சும். வரலாற்றில் பெரும்பகுதி போய்விடும். செப்பேடும் கல்வெட்டும் அவ்வாறே. கிடைத்த இடம் தெரியாத பொருளைக் காலம் கணிக்கப் படும்பாட்டை வரலாற்றாசிரியர் நன்கறிவர்.

அழிந்த இடங்களும் எஞ்சிய குறிப்பும்

குப்பியும் அழியக்கூடியதே. கோலாலம்பூரில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி 1945 மார்ச் 10இல் நேச நாடுகளின் விமானக் குண்டால் இடிந்தது. எஞ்சிய பொருள்கள் தைப்பிங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே இன்று நிற்கும் தேசிய அருங்காட்சியகம் 1963இல் திறக்கப்பட்டது. போரும் பூஞ்சையும் காட்சியகத்துப் பொருளைத் தின்னலாம். அச்சேறிப் பல நாடுகளுக்குச் சென்ற குறிப்பை எளிதில் தின்ன முடியாது.

இடமும் அழியக்கூடியதே. பத்துமலையின் சுண்ணாம்புக்கல் பல்லாண்டுகள் உடைத்தெடுக்கப்பட்டது. இயற்கை ஆர்வலரும் பக்தரும் குரல் கொடுத்தபின், 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது நின்றது. இருட்குகையில் இயற்கைக் கழகத்தின் முயற்சியால் வழிகாட்டியோடு செல்லும் முறை அமைந்தது. பின்னர் 2019இல் குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மலை உடைந்திருந்தால் பத்துவென்சிஸ் என்ற பெயர் ஏட்டில் மட்டும் இருந்திருக்கும்.

குகையாவது கண்ணுக்குத் தெரியும் ஒரு மலை. தோட்டங்களோ சத்தமில்லாமல் மறைந்தன. பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. இன்று அத்தோட்டத்தின் பெயரை ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகை தாங்கி நிற்கிறது. பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில் 1995 முதல் புத்ராஜெயா உருவாயிற்று. பால்மரத்தின் சருகில் ஓடிய சிலந்திகள் எவை, லயத்துக் கூரையில் வலை கட்டியவை எவை என்று அங்கிருந்தோர் எழுதிவைத்திருந்தால், அக்குறிப்பு சிலந்தியின் வரலாறாக மட்டும் இராது. எந்த வரிசையில், எந்த ஓடையின் கரையில், எந்த மரத்தடியில் என்று எழுதும் கை, அங்கு வாழ்ந்த மக்களின் நிலத்தையும் எழுதிவிடுகிறது. "கோலாலம்பூர்" என்று மட்டும் எழுதிய பழைய சீட்டுக்கு இன்று பொருள் காண்பது அரிது. அக்காலத்துக் கோலாலம்பூரில் ஈயச் சுரங்கமும் காடும் தோட்டமும் அடுத்தடுத்திருந்தன. இன்று அவ்விடமெல்லாம் கட்டடம்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. கைப்பேசிகளே இன்று நல்ல படம் எடுக்கின்றன. படத்தைக் காட்டினால் பெயர் கூறும் கருவிகளும் வந்துவிட்டன. அக்கருவி கூறும் பெயரை முதற் கருத்தாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஓர் ஏட்டில் மாணவர் எழுதவேண்டியவை சிலவே: ஆண்டு, திங்கள், நாள், வேளை, ஊர், தோட்டம், தெரு, சுவரா, சருகா, இலையின் அடிப்புறமா, தரையிலிருந்து உயரம், வலை உண்டா, இருந்தால் வட்டமா, தாள்போன்றதா, ஒழுங்கற்றதா, உடலின் நீளம் மில்லிமீட்டரில், தொட்டபோது என்ன செய்தது, கண்டவர் யார். படம் மேலிருந்து ஒன்று, முகத்தை நோக்கி ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, இயன்றால் வயிற்றின் அடிப்புறம் ஒன்று. அருகே அளவுகோலை வைத்தெடுத்த படம் ஒன்று இருந்தால் சிறப்பு. கண்டதையும் கருதியதையும் தனித்தனி வரியில் எழுதப் பழக்குதல் எல்லாவற்றினும் முதன்மையானது. "ஆறு கண்கள் தெரிந்தன" என்பது கண்டது. "இது நஞ்சுள்ளதாக இருக்கலாம்" என்பது கருதியது. இவ்வேறுபாட்டை அறிந்த மாணவன் கட்டுரை எழுதும்போதும், செய்தித்தாள் படிக்கும்போதும், பிறர் சொல்லைக் கேட்கும்போதும் அதனைப் பயன்படுத்துவான்.

உயிரைப் பிடித்து அடைக்கவும் வேண்டா. மூடிய குகைக்குள் நுழையவும் வேண்டா. பள்ளிச் சுவரும், வேலியோரச் செடியும், சமையற்கட்டின் மூலையும் போதும். இனத்தின் பெயர் தெரியாமல் போவது இழிவன்று. குடும்பம் வரை அறிந்து, மேலே தெரியவில்லை என்று எழுதுவதே அறிஞர் மரபு.

நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்தனர் நம் முன்னோர். இருநூறு ஆண்டுக்குப் பின் ஒருவர் இக்குறிப்பேட்டைத் திறந்தால், சிலந்தியின் பெயர் அதற்குள் மாறிப்போயிருக்கக்கூடும். அறிவியற் பெயர்கள் மாறும் இயல்பின. ஆனால் இன்ன நாளில், இன்ன தோட்டத்தில், இன்ன மரத்தின் பட்டை இடுக்கில் ஓர் உயிர் வலை கட்டியிருந்தது என்ற செய்தி மாறாது. அதனை எழுதத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் பென்சிலும் ஒரு கோடிட்ட ஏடும் போதுமானவை.